மதிப்பெண்ணுக்குப் பழகிய கை

அந்தத் தெருவில் டீச்சர் என்று மொட்டையாகச் சொன்னாலே அது அவளைத்தான் குறிக்கும். இத்தனைக்கும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கவில்லை. வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் போட்டு, கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, எப்படியாவது தேர்ச்சி பெறவைத்து அனுப்புவாள். அந்த ‘எப்படியாவது’தான் அவளுடைய தொழில் ரகசியம். “கணக்கு வேற, பரீட்சை வேற. கணக்கு கத்துக்கணும்னா வேற எங்கயாவது போங்க. பாஸ் பண்ணணும்னா என்கிட்ட வாங்க” என்று பெற்றோரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவள். எந்தப் படியை எழுதினால் பாதி மதிப்பெண்ணாவது விழும், எந்தப் பாடத்தை விட்டுத் தொலைக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடம் படித்துத் தேறிய பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கணக்கு இன்னும் வராது என்று வேண்டாதவர்கள் சொல்வதுண்டு. அது பொறாமை என்பாள் டீச்சர். முழுக்கப் பொறாமை என்றும் சொல்லிவிட முடியாது.

கணவர் எலக்ட்ரீஷியன். தெரு அவருக்கு வைத்த பெயர் கரண்டு. ஓரிடத்தில் நிற்காத மனிதர். ஏணியில் ஏறினால் பாட்டு, இறங்கினால் பேச்சு. மனைவியை அவரும் டீச்சர் என்றே கூப்பிடுவார், ஆனால் அவர் கூப்பிடும்போது அதில் கொஞ்சம் கிண்டல் கலந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே பிரஷ் கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். கால் சீக்கிரமே தேறிவிட்டது. பேச்சு குழறி, நிதானமாக வந்தது. வலது கை மட்டும் வரவே இல்லை. யாரிடமோ இரவல் வாங்கித் தோளில் மாட்டியது போல் தொங்கிக்கொண்டிருந்தது. “கரண்டு போயிடுச்சாமே” என்று டீக்கடைக்காரர் நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னது காதில் விழ, அன்றிலிருந்து டீச்சர் அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர்தான் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வைப் பற்றிச் சொன்னார். பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பயிற்சி தருகிறார்களாம். அது எவ்வளவு பலன் தருகிறது என்று அளந்து பார்க்கிறார்களாம். பலன் உண்டு என்று உறுதியானால் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அதைக் கொண்டுபோய்விடலாம். டீச்சருக்கு எல்லா ஆஸ்பத்திரிகளையும் பற்றிக் கவலை இல்லை. ஒரே ஒரு கையைப் பற்றித்தான் கவலை.

ஆய்வை நடத்திய பேராசிரியை நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண்மணி. முதல் நாளே கரண்டுவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “கை எதையும் மறக்கல சார். மூளையில இருந்து கைக்குப் போற பாதைதான் இடிஞ்சு போச்சு. புதுப் பாதை போடலாம். ஆனா மூளை அதுக்கு நல்லா ஒத்துழைக்கிறது இந்த முதல் சில மாசந்தான். அப்புறம் ரொம்பக் கஷ்டம். அதனால பகல் பூரா உங்க இடது கையை ஒரு உறைக்குள்ள போட்டுக் கட்டிடுவோம். தண்ணி குடிக்கிறதா, சாப்பிடறதா, பட்டன் போடறதா, எதுவானாலும் வலது கைதான் செஞ்சாகணும்.”

“முடியலேன்னா?” என்று டீச்சர் கேட்டாள்.

“முடியாதும்மா. ஆரம்பத்துல முடியவே முடியாது. சிந்தும், விழும், ஆத்திரம் வரும். நீங்க பக்கத்துல இருங்க. ஆனா எதையும் செஞ்சு குடுக்காதீங்க. இருக்கிறதுலயே கஷ்டமான வேலை உங்களுக்குத்தான்.”

டீச்சர் தலையைப் பலமாக ஆட்டினாள். ஆட்டினாளே தவிர, அவள் கண் மேசை மேல் இருந்த பலகையை விட்டு நகரவில்லை. சின்னப் பலகை, அதில் ஒன்பது துளை. பக்கத்துக் கிண்ணத்தில் ஒன்பது குச்சி. குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் சொருகவேண்டும். அதிகம் பேசாத ஒல்லி இளைஞர் ஒருவர் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். யார் வீட்டில் என்ன பயிற்சி நடக்கிறது என்று அவருக்குத் தெரியக் கூடாதாம், பாரபட்சம் வந்துவிடுமாம், அளப்பது மட்டும்தான் அவர் வேலையாம். அவர் “ஆரம்பிங்க சார்” என்றார். கரண்டுவின் விரல்கள் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு குச்சிகூட எழும்பவில்லை. கிண்ணம் கவிழ்ந்தது. முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் அந்த மனிதர் வாய்விட்டு அழுதுவிட்டார்.

டீச்சர் குனிந்து சிதறிய குச்சிகளைப் பொறுக்கினாள். கூடவே ஒன்று தெளிவாகப் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்துக்கொண்டாள். இதுதான் பரீட்சை. இதில் கோட்டைவிட்டால் ஆய்விலிருந்து கழற்றிவிட்டுவிடுவார்கள். அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? அவள் அறிந்த உலகத்தில் மதிப்பெண் குறைந்தவர்களை வெளியே தள்ளுவார்கள், அவ்வளவுதான். இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

வீட்டுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கலகலப்பானவள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெத்தென்ற துணி உறையை ஆட்டியபடி உள்ளே வருவாள். கரண்டு அவளுக்குக் கையுறைக்காரி என்று பெயர் வைத்தார். முதல் நாள் உறையை மாட்டி, டம்ளர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்து, கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளச் சொல்லிக் கொடுத்து, “சாயங்காலம் வரைக்கும் கழட்டக் கூடாது ஐயா, கள்ளத்தனம் பண்ணினா எனக்குத் தெரிஞ்சிடும்” என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் கரண்டுவுக்குத் தாகம் எடுத்தது. வலது கையால் டம்ளரைத் தூக்கினார். மேசை முழுக்கத் தண்ணீர். டீச்சர் இன்னொரு டம்ளர் வைத்தாள். அது மடியில் கவிழ்ந்தது. மூன்றாவதில் எப்படியோ உதடு வரை வந்து, சட்டைக்குள் இறங்கியது. வாயில் கெட்ட வார்த்தையே வராத மனிதர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நனைந்த சட்டையோடு அந்த முதுகைப் பார்க்க டீச்சருக்குத் தாங்கவில்லை. உறையின் முடிச்சை அவிழ்த்தாள்.

“கொஞ்ச நேரந்தான்” என்றாள். மறுநாளும் கொஞ்ச நேரந்தான். அந்த வாரம் முடிவதற்குள் கையுறைக்காரியின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகு மாட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. தட்டில் போட்டுப் பிசைந்து அவளே ஊட்டிவிட்டாள். பட்டனை அவளே போட்டாள், தலையை அவளே வாரினாள். அத்தனை வருஷம் வாயாடிக்கொண்டு ஊரைச் சுற்றிய மனிதர் வாயைத் திறந்துகொண்டு தன் முன்னால் உட்கார்ந்திருப்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை ஒளிப்பானேன்.

“என்ன டீச்சர், உறை அழுக்கே ஆகமாட்டேங்குது? மத்த வீட்டுல எல்லாம் கரித்துணியா ஆக்கி வெச்சிருக்காங்க” என்று ஒரு நாள் கையுறைக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தினமும் துவைச்சுப் போடறேம்மா. அழுக்கைக் கட்டிக்கிட்டா உட்கார முடியும்?” என்றாள் டீச்சர். வாய் கூசவில்லை.

ஆனால் பரீட்சையை அவள் கைவிடவில்லை. ட்யூஷனுக்கு வரும் ஒரு பெண்ணின் அம்மா மரப்பட்டறை வைத்திருந்தாள். பார்த்தது பார்த்தபடி அளவு சொல்லி, அதே போல் ஒரு பலகையும் குச்சிகளும் செய்து வாங்கிவிட்டாள் டீச்சர். தினமும் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கரண்டுவை முன்னறைப் பெஞ்சில் உட்காரவைத்து மாதிரித் தேர்வு. தோற்றுத் தோற்றுப் பார்த்ததில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கையைத் தூக்கினால்தான் ஆட்டம் காண்கிறது; மேசையில் ஊன்றிக்கொண்டால் விரல்கள் கொஞ்சம் பேச்சைக் கேட்கின்றன.

“முழங்கையைத் தூக்காதீங்க. மேசையிலயே கிடக்கட்டும். அப்படியே இழுத்துக்கிட்டுப் போங்க. குச்சியை நிமிர்த்தவும் வேணாம், கிண்ணத்து விளிம்புல சாய்ச்சு உருட்டி எடுங்க. உடம்பைச் சாய்ச்சா தானா துளையில இறங்கிடும்.”

“இது... காப்பி அடிக்கிற மாதிரி... இல்லையா டீச்சர்?”

“காப்பி இல்ல. ஷார்ட்கட்.”

முதல் குச்சி துளையில் இறங்கிய அன்று டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து சின்னப் பெண் மாதிரி துள்ளினாள். பிறகு இரண்டு, பிறகு வரிசை முழுக்க. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொருகுவார் என்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

இரண்டாவது அளவெடுப்புக்குப் போன அன்று பல்கலைக்கழகத்து நடைபாதையில் இன்னொரு அம்மாள் காத்திருந்தாள். அவளுக்கும் வலது கைதான். இடது கையில் மாட்டியிருந்த உறை கறுத்து, நுனி கிழிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. புடவையின் முன்பக்கம் ஏதோ கொட்டிய கறை. “நாலு குச்சிதான் போட்டேன். அதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு” என்று தானாகவே சொல்லிச் சிரித்தாள். ஐயோ பாவம், தேறாத கேஸ் என்று டீச்சர் மனசுக்குள் உச்சுக் கொட்டினாள். அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, வலது கையால் மூடியைத் திருகித் திறந்து, நடுங்க நடுங்க வாய்வரை தூக்கி, இரண்டு மடக்கு குடித்தாள். டீச்சருக்கு என்னவோ செய்தது. அது என்னவென்று யோசிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கரண்டு குச்சிகளைச் சொருகிய வேகத்தில் அளவெடுக்கும் இளைஞரே ஒரு நொடி கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார். அடுத்த அறையில் இன்னொருவர் வீட்டு நிலவரம் பற்றிக் கேட்டார். தானாகச் சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார். தானாகச் சட்டை போடுகிறாரா? போடுகிறார். உறையைப் பகல் முழுக்கப் போட்டிருக்கிறாரா? கழற்றவே விடமாட்டார். பள்ளிக்கு அதிகாரி சோதனைக்கு வரும்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒப்பிக்கிற குரலில் டீச்சர் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டே போனாள். கரண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்துப் பேராசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அறையில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கையுறைக்காரியும் இருந்தாள், முகமெல்லாம் பல்லாக.

“எங்க ஆய்வுக்கே நட்சத்திரம் சார் நீங்க” என்றார் பேராசிரியை. எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சருக்குத் தலை கால் புரியவில்லை. தன்னிடம் படித்த பிள்ளைகள் தேர்ச்சி பெற்ற நாள்களை எல்லாம் சேர்த்துக் கட்டினாலும் இதற்கு ஈடாகாது என்று நினைத்தாள்.

“அதனால இனிமே உங்களுக்கு வீட்டுப் பயிற்சி தேவையில்ல. இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம்.”

“நிறுத்தறதா?” டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. “நல்லாப் பண்ணினவரை எதுக்கு மேடம் நிறுத்தணும்?”

“நல்லாப் பண்ணினதாலதாம்மா. வீட்டுக்கு வந்து பயிற்சி குடுக்க எங்ககிட்ட இருக்கிறதே கொஞ்சம் பேரு. ஒரு அளவுக்கு மேல தேறினவங்களை அனுப்பிட்டு, முடியாதவங்களுக்கு அந்த இடத்தைக் குடுப்போம். முதல் நாளே சொன்னேனே, ஞாபகம் இல்லையா?”

சொல்லியிருப்பார். டீச்சர் அப்போது பலகையின் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.  இங்கே தோற்றவர்களைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், ஜெயித்தவர்களைத்தான் வெளியே அனுப்புகிறார்கள் என்றால் இதென்ன தலைகீழ்ப் பரீட்சை? அந்த நிமிஷமே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கைதட்டிய கைகள் இன்னும் இறங்கவில்லை. கையுறைக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டு, “டீச்சர், நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காது” என்றாள். அது நூற்றுக்கு நூறு உண்மை.  பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலேயே மெல்ல மெல்ல எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

கரண்டு வந்துவிட்டது என்று தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பியதும் டீச்சர்தான். அதன் பலனாக ஒரு நாள் மத்தியானம் எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். “அண்ணே, எங்க வீட்டுல பாதி வீடு இருட்டா கிடக்கு. உங்களுக்குத்தான் கை சரியாயிடுச்சே, ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்களேன்” என்றாள். கரண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் எழுந்துவிட்டார். பழைய கருவிப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவைக் கடந்த நடையைப் பார்த்தபோது, ஒருவேளை முடியுமோ என்று டீச்சருக்கே ஒரு ஆசை எட்டிப்பார்த்தது. அவளும் பின்னாலேயே போனாள்.

மின்பெட்டி சுவரில் தலைக்கு நேராக இருந்தது. மெயினை அணைத்தார், மூடியை இடது கையால் எடுத்தார். எந்தக் கம்பி கழன்றிருக்கிறது என்று பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வலது கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து உயர்த்தினார். கை மார்பு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நடுங்கியது. ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது. எதிர்வீட்டு அக்காவின் மகள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து உயர்த்திப் பார்த்தார். விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. கூடத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பரவாயில்லண்ணே, வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்.”

கரண்டுவுக்கு வேர்த்து ஊற்றியது. “மேசை... இருந்தா... செஞ்சிருவேன்” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கமான கிண்டல் என்று நினைத்துக்கொண்டார்கள். மின்பெட்டியைக் கழற்றி மேசையில் வைக்கவா முடியும்? டீச்சர் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். மேசை மேல் கிடந்தால் மட்டும் வேலை செய்கிற ஒரு கையை அவளே உட்கார்ந்து தயாரித்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு. மனிதர் வீட்டுக்கு வந்து பையை மூலையில் வைத்துவிட்டு, அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. ஊட்டப் போனபோது மட்டும் திறந்தார்.

மறுநாள் முன்னறைப் பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன. பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பேராசிரியை எதிரில் உட்கார்ந்து, நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். உறை, பலகை, ஷார்ட்கட், பொய்ப் பதில்கள், எதிர்வீட்டு மின்பெட்டி. ஒன்றையும் குறைக்கவில்லை. பேராசிரியையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது.

“நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு புரியுதா?” குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை. “பயிற்சியே எடுக்காதவர் எங்க கணக்குல முதல் ஆளா உட்காந்திருக்கார். இந்த முடிவை வெச்சுத்தான் நாளைக்கு எங்கெங்கயோ இருக்கிற நோயாளிகளுக்கு என்ன செய்யறதுன்னு தீர்மானிப்பாங்க. அவங்க உங்களை நம்பியிருக்காங்க. அவங்களுக்கு உங்களைத் தெரியாது, ஆனா உங்களைத்தான் நம்பியிருக்காங்க.”

 டீச்சர் திட்டு வாங்கி எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மேடம், தப்பு என்னோடது. இவரோடது இல்ல. மறுபடியும் அந்தப் பொண்ணை அனுப்புவீங்களா? இந்த மாசங்களை விட்டா அப்புறம் கஷ்டம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அந்த இடத்தைக் குடுத்தாச்சு.” பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பிரசவத்தப்போ பக்கவாதம் வந்த பொண்ணு. சின்ன வயசு. பிள்ளையைத் தூக்க முடியல. உங்க வீட்டுக்கு வந்த பொண்ணு இப்ப அங்கதான் போயிட்டிருக்கா.”

அவளை நிறுத்திவிட்டு இவருக்குக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை டீச்சரின் தொண்டை வரை வந்தது. வந்ததை மறைப்பதற்கில்லை, வந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேல் ஒரு நொடி கோபம்கூட வந்தது. அதை விழுங்குவதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பேராசிரியை அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கரண்டுவின் பக்கம் திரும்பினார். “நீங்க ஏன் சார் ஒண்ணுமே சொல்லல? கை உங்களோடது. இது கைக்கு உதவாதுன்னு உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியும்” என்றார் கரண்டு.

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“முதல் நாளே தெரியும். கை வேலை... எனக்குத் தெரியாதா?” ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். “நான் விழுந்ததுல இருந்து... இவ முகத்துல ஈயாடல. ராத்திரி அழுவா... நான் தூங்கறேன்னு நினைச்சு. குச்சி சொருகினா... சிரிச்சா. சரி, சிரிக்கட்டும்னு... சொருகினேன்.”

 டீச்சர் தன் கணவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போல் பார்த்தாள். இவள் அவருக்காகப் பலகையைக் கட்டிக்கொண்டு அழ, அவர் இவளுக்காகக் குச்சியைக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்கிறார். நடுவில் அந்தக் கை அனாதையாகக் கிடந்திருக்கிறது. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

பேராசிரியை எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு புது உறையை எடுத்து மேசையில் வைத்தார். “ஆளை அனுப்ப முடியாதும்மா. ஆய்விலயும் இனிமே இவரைச் சேர்க்க முடியாது. ஆனா செய்ய வேண்டியது என்னன்னு உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கோம். அதை நீங்க வீட்டுல செய்யலாம். நாள் போயிடுச்சு, இருந்தாலும் மொத்தமும் போயிடல. எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். அவர் கண்ணு முன்னால தோத்துக்கிட்டே இருப்பார். நீங்க சும்மா உட்காந்து அதைப் பாக்கணும். உங்களால முடியுமா?”

“தெரியல மேடம்” என்றாள் டீச்சர்.

வீட்டுக்கு வந்ததும் அவளே உறையை மாட்டி முடிச்சுப் போட்டாள். இரட்டை முடிச்சாக இறுக்கிப் போட்டாள், இடது கையை விடுவித்துவிடத் தனக்கே ஆசை வரும் என்று பயந்து. தட்டில் சாப்பாட்டைப் போட்டு, ஒரு ஸ்பூனும் வைத்து, மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

கரண்டு ஸ்பூனைப் பிடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. பிடித்து அள்ளியதும் வழியிலேயே கொட்டியது. மறுபடி அள்ளினார், தாடையில் இடித்து மடியில் விழுந்தது. ஸ்பூனைப் போட்டுவிட்டு விரல்களாலேயே எடுத்துப் பார்த்தார். வாய்க்குப் போனதைவிடத் தரைக்குப் போனதுதான் அதிகம். சாப்பாடு ஆறிப்போனது. பல்கலைக்கழகத்தில் அவ்வளவு பெருந்தன்மையாகப் பேசிய மனிதர் பசியில் குழந்தை மாதிரி ஆகிவிட்டார்.

“பசிக்குது டீச்சர்.”

“சாப்பிடுங்க.”

“ஊட்டி விடு. இன்னிக்கு மட்டும்.”

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். “மாட்டேன்” என்றாள்.

கரண்டு அவளை வெறித்துப் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு ஒரு துளியும் இல்லை. “நீயெல்லாம்... ஒரு பொம்பளையா?” என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பேசியதே இல்லை. பிறகு வலது கையை மேசை மேல் ஓங்கி வீசினார். எப்படியோ அந்தக் கைக்கு அவ்வளவு பலம் வந்து, தட்டு பறந்துபோய்ச் சுவரோரம் கவிழ்ந்தது.

டீச்சர் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே எழுந்துபோய்த் தட்டை எடுத்துக் கழுவினாள், துணியால் தரையைத் துடைத்தாள். சமையலறையிலிருந்து மறுபடியும் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து, அவருடைய வலது கைப் பக்கமாக வைத்தாள்.